கொம்பு முளைத்த மடு

நிலவின் தென் துருவத்தில் உள்ள குழிகளை என்ன சொல்லி அழைப்பது என்று முடிவு செய்ய, கலைச்சொல் குழு பதினொரு முறை கூடிக் கலைந்தது. பன்னிரண்டாம் முறை பால் பாயசத்தோடு சாப்பாடு இருந்தது. அன்று முடிவு எடுக்கப்பட்டது.

‘குழி’ கூடாது என்றார்கள். சுடுகாட்டு நினைவு வருமாம். ‘பள்ளம்’ என்றால் ஊர்ச் சாலைகள் நினைவுக்கு வந்து அரசுக்குச் சங்கடம். ‘கிண்ணம்’ என்று ஒருவர் ஆரம்பித்தார். பாத்திரக்கடை என்று இன்னொருவர் முடித்துவைத்தார். கடைசியில் குழுத் தலைவர் முனைவர் செந்நாவரசர் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். கண்களை மூடிக்கொண்டு, “மடு” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

நிலப்படப் பிரிவின் சார்பில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கோகிலவாணி மட்டும் பேனாவை மூடிவைத்தாள்.

“ஐயா, ஒண்ணு சொல்லலாமுங்களா? இந்தப் பேரையெல்லாம் நிலாவுல ஓடற வண்டியில இருக்கிற மெசினு சத்தமாப் படிக்கும். ஓட்டறவங்க காதுல கேட்டுத்தான் போவாங்க. மேடு, மடு ரெண்டும் ஒரே மாதிரிக் கேக்குமுங்களே.”

“ஒன்று நெடில், ஒன்று குறில், அம்மா.”

“போர்வெல் ரிக் ஓடற சத்தத்துல நெடிலு குறிலு தெரியாதுங்க ஐயா.”

“தமிழன் காதுக்குத் தெரியும்” என்றார் செந்நாவரசர். அதற்கும் கை தட்டினார்கள். கூட்டக் குறிப்பில் அது ‘சொல்லின் ஓசை நயம் குறித்து உறுப்பினர் ஒருவர் மகிழ்ச்சி தெரிவித்தார்’ என்று ஏறியது.

துருவ நிலப்படக் கழகம் திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இயங்கியது. இயக்குநர் சாரங்கபாணி மணமகன் அறையில் உட்கார்ந்திருந்தார். பந்தி நடந்த கூடத்தில் நிலவு இருந்தது. நிலவைச் சுற்றிவந்த விண்கலங்கள் எடுத்த படங்களைத் துண்டுதுண்டாக ஒட்டி, எது ஏற்றம் எது இறக்கம் என்று பார்த்துப் பேர் எழுதுகிற வேலை. கோகிலவாணி பதினேழு வருஷமாக அதைச் செய்துவந்தாள்.

கழகம் இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. பூமியில் ஆயிரத்து எண்ணூறு அடி தோண்டியும் தண்ணீருக்குப் பதில் புழுதிப் புகை மட்டும் வர ஆரம்பித்த பிறகு, போர்வெல் ரிக் வண்டிக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நிலவிலோ துருவத்துக் குழிகளின் இருட்டில் பனிக்கட்டி கிடந்தது. தோண்டுகிற கை எங்கே இருக்கிறது என்று தேடிய கம்பெனிகள் நேரே திருச்செங்கோட்டுக்கு வந்தன. அப்படிப் போன பத்துப் பேரில் ஒருவர் கோகிலவாணியின் கணவர் நல்லசிவம்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் அவர் அந்தக் கூடத்துக்கு வந்து, மேசை நீளத்துக்கு விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

“இதென்ன அம்மிணி, அம்மை போட்ட மூஞ்சியாட்டம் இருக்குது. பாதி கரேல்னு கெடக்குது?”

“துருவத்துல சூரியன் உச்சிக்கு வராது மாமா. வேலியோரமா நடக்கிற ஆளாட்டம் விளிம்புலயே சுத்திக்கிட்டு இருக்கும். அதனால நெழலு மைல் கணக்குல விழும். குழிக்குள்ள வெளிச்சம் எறங்கினதே இல்ல. படம் புடிச்சா அங்க கறுப்பு மட்டுந்தான் வரும், ஆழம் தெரியாது.”

“அப்ப எனக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க எழுதற பேரை வெச்சுத்தான். வண்டியே படிச்சுச் சொல்லும். மேடுன்னா அங்க எப்பவும் வெயிலு இருக்கும், சோலார் தகட்டை விரிச்சுச் சார்ஜ் போட்டுக்கலாம். மடுன்னா இருட்டு, சுத்திப் போகோணும். சார்ஜு இருவதுக்குக் கீழ போயிருச்சுன்னா வண்டி உன்னையக் கேக்காது. நீ தூங்கிட்டு இருந்தாலும் பக்கத்துல எந்த மேடு இருக்குதோ அதைத் தேடி அதுவே போயிரும்.”

“நான் வேண்டாம்னா?”

“பிரேக் புடிக்கலாம். திருப்ப முடியாது.”

“மாமியா ஊட்டு வண்டியாட்டம் இருக்குது” என்றார் நல்லசிவம். “அப்ப ஒரு பக்கம் வெயிலு, ஒரு பக்கம் தண்ணி. ரெண்டும் ஒரே எடத்துல இல்ல. நம்மூரேதான். அதுக்கு எதுக்கு இத்தன தூரம் போகோணும்?”

ஆனாலும் போனார்.

அவர் போய் ஐந்து மாதம் கழித்து ஓர் அரசாணை வந்தது. அரசு சார்ந்த எல்லாக் கோப்புகளும் ஒரே எழுத்துருவுக்கு மாற வேண்டும். மாறிய பின் பழைய கோப்புகளை அழித்துவிட வேண்டும். கழகம் எந்த அரசாணையையும் இவ்வளவு வேகமாக நிறைவேற்றியதில்லை. ஒரே நாளில் மாற்றி, மறுநாளே பழையதை அழித்து, அழித்ததற்குச் சான்றிதழும் வாங்கி மாட்டினார்கள். மாற்றுகிற வழியில் இரட்டைக் கொம்புகள் உதிர்ந்துபோயின. ‘மேடு’ என்று இருந்ததெல்லாம் ‘மடு’ ஆயிற்று.

முதலில் கண்டுபிடித்தது நிலவில் ஏழாம் வண்டியை ஓட்டிய வசந்தாமணி. “அக்கா, நேத்திருந்து ஒரு மேடு கூடச் சொல்ல மாட்டேங்குது. நிலாவை யாராவது இடிச்சு நெரவீட்டீங்களா?”

கோகிலவாணி மணமகன் அறைக்குப் போனாள். அங்கே இயக்குநர் வேறு கவலையில் இருந்தார். துருவத்தின் முழுப் படத்தை அமைச்சர் திறந்துவைக்க இரண்டு நாள்தான் இருந்தது.

“கொம்பு போச்சுன்னா கொம்பை வைங்கம்மா. இதுக்கெல்லாம் இயக்குநர் வேணுமா?”

“ஒவ்வொண்ணாப் படத்தோட ஒப்பிட்டுத்தான் வைக்கோணுங்க சார். ஏன்னா அசல் மடுவும் இருக்குது, இருநூத்திப் பதினாலு. பத்து நாளாகுமுங்க.”

“நாளன்னிக்கு மினிஸ்டர். ‘எல்லாவற்றையும் மாற்று’ன்னு ஒரு பொத்தான் இருக்கில்ல?”

“இருக்குதுங்க.”

“அது எதுக்கு இருக்கு?”

அவள் நின்றாள். “அப்படிப் பண்ணினா அசல் மடுவுக்கும் கொம்பு முளைச்சிருமுங்களே.”

“விழா முடியட்டும். அப்புறம் ஒக்காந்து ஒவ்வொண்ணாப் புடுங்கிக்கலாம்.”

“அதை எழுத்துல குடுத்தீங்கன்னா...”

“எழுத்து எதுக்கும்மா? நம்பிக்கை இல்லையா?”

அவள் கூடத்துக்குத் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள். அரை வினாடி வேலை. இருநூற்றுப் பதினான்கு குழிகளும் மேடுகள் ஆயின. எந்த மேட்டில் வெயில் இருக்கிறது, எந்த மேடு ஆளை விழுங்கும் என்று சொல்ல நிலவிலோ பூமியிலோ ஒரு காகிதம் இல்லாமல் போயிற்று.

அப்போதும் பிழைத்திருக்கலாம். சரிபார்ப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அது படத்தையும் பேரையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அதற்குள் வாஸ்து ஆலோசகர் வந்துவிட்டார். கழகத்தின் சின்னம் ஈசானிய மூலையில் வரும்படி படத்தைத் திருப்பச் சொன்னார். தென் துருவத்தில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் வடக்குத்தான் என்று கோகிலவாணி எடுத்துச் சொன்னாள். “அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு, எப்படித் திருப்பினாலும் தோஷமில்ல” என்று அவர் மகிழ்ச்சியோடு தலைகீழாகத் திருப்பினார்.

மனிதக் கண்ணுக்கு வெளிச்சம் மேலேயிருந்து வந்தே பழக்கம். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் வெளிச்சம் கீழேயிருந்து வரும். குழியெல்லாம் புடைத்துக்கொண்டு மேடாகத் தெரியும். சரிபார்ப்புப் பிரிவு மாதிரிக்கு ஒன்றை எடுத்தது, அது குழி. படத்தைப் பார்த்தது, மேடு. பேரைப் பார்த்தது, மேடு. கையெழுத்துப் போட்டது. படமும் பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் அலுவலகத்தில் அதற்கு ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பெயர்.

அமைச்சர் வந்தார், திரையை இழுத்தார், “நிலவில் இத்தனை மேடுகளா!” என்று வியந்தார். தமிழன் போன இடமெல்லாம் மேடுதான் என்று செந்நாவரசர் விளக்கினார்.

விழா முடிந்தது. மடுக்களைப் பிரிக்க ஆள் கேட்டுக் கோகிலவாணி எழுதிய குறிப்பு மணமகன் அறையில் எட்டு நாள் கிடந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம், அவள் சாப்பாட்டுப் பையைத் திறக்கும்போது நல்லசிவத்தின் குரல் வந்தது.

“அம்மிணி, சாப்பிட்டியா?”

“இனித்தான் மாமா. சார்ஜ் எவ்வளவு?”

குரல் அங்கே போய்ப் பதில் திரும்ப இரண்டரை வினாடி. அதற்குப் பழகியிருந்தார்கள், பதினைந்து வருஷக் கல்யாணத்தில் ஒரு கேள்விக்குப் பதில் வர அதைவிட அதிக நேரம் ஆனதுண்டு.

“இருவத்தொண்ணு. இன்னொரு கம்பி எறக்கிட்டு நகர்ந்துக்கறேன். ஐஸு வாசம் அடிக்குது.”

“நிலாவுல வாசமா?”

“ரிக்காரனுக்கு அடிக்கும்.” கொஞ்ச நேரம் கம்பி இறங்கும் சத்தம். பிறகு, “இந்தா, வண்டி தானாத் திரும்பிருச்சு பாரு. மேட்டுக்குப் போறனுங்குது. நூத்தி அறுவத்தேழாம் நம்பரு.”

அவள் அந்த எண்ணைத் தேடினாள். திரையில் உருண்டையாக, தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போல் ஒரு மேடு இருந்தது. அழகான மேடு. அவள் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். மேடு உள்ளே போயிற்று.

“மாமா, பிரேக்கைப் புடி! அது மடு!”

இரண்டரை வினாடி.

“ஆமா, மேடுதான். ஏத்தம் தெரியுதே. அதுக்கு எதுக்குப் பிரேக்கு?”

குழியின் விளிம்பு உயர்ந்திருக்கும். எந்தக் குழியிலும் விழுவதற்கு முன் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கும்.

“மேடு இல்ல, மடு! மடு!”

“அதைத்தான அம்மிணி நானும் சொல்றேன், மேடுன்னு. ஏன் கத்தற?”

“குழி!” என்று கத்தினாள். “குழி மாமா, குழி!”

பன்னிரண்டு கூட்டம் போட்டு விலக்கிவைத்த அந்தச் சொல் நிலவுக்குப் போய்ச் சேர ஒன்றேகால் வினாடி ஆகும். அது போய்ச் சேர்ந்தபோது வண்டியில் கேட்க யாரும் இல்லை.

விசாரணை நான்கு நாளில் முடிந்தது. கழக வரலாற்றில் நான்கு நாளில் முடிந்தது அது ஒன்றுதான். ‘சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கும் வரை பணியை நிறுத்தாமல் இருந்தது ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை சொன்னது. எரிக்க உடம்பு இல்லாத வீட்டில், அவருடைய சட்டை ஒன்றை எரித்துவிட்டு, கோகிலவாணி ஐந்தாம் நாளே அலுவலகம் வந்தாள். சாவு வீட்டிலிருந்து அப்படி வரக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள்.

“சார், தப்பு படத்துல. பொத்தானை அழுத்தினது நானுங்க. அதை எழுதி வாங்கிக்கோங்க.”

“நீங்க துக்கத்துல இருக்கீங்கம்மா.”

“துக்கத்துலதானுங்க இருக்கறேன். ஆனா பொத்தானை அழுத்தினது துக்கத்துக்கு முன்னாடிங்க.”

சாரங்கபாணி எழுந்து கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தவர்.

“ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. படம் தப்புன்னா, அமைச்சர் தப்பான படத்தைத் திறந்து வெச்சார்னு ஆகும். அமைச்சர் தப்பான படத்தைத் திறக்க மாட்டார். ஆகவே படம் சரி.”

“மத்த ஒம்போது வண்டி?”

“நிறுத்தி வெச்சிருக்கோமே. உங்க வீட்டுப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம்தான் கிளம்பணும்னு நானே உத்தரவு போட்டேன். ஒரு மரியாதைக்கு.”

ஆக, கணவரின் கருமாதி முடியும் வரைதான் கெடு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, படத்தை நேராகத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வெளிச்சம் எந்தச் சுவரில் படுகிறது. பத்து நாள் வேலை ஒற்றை ஆளுக்கு எட்டு நாளில் முடிந்தது. வீட்டில் செய்ய வேறு எதுவும் இல்லை. பதின்மூன்றாம் நாள் அவள் கையில் இருநூற்றுப் பதினான்கு எண்கள் கொண்ட பட்டியல் இருந்தது.

நிலவிலிருந்து வசந்தாமணி கேட்டாள். “எது நெச மேடுன்னு உங்களுக்குத் தெரியுமில்லக்கா? எங்களுக்குப் படிச்சுக் காட்டீருங்க, எழுதி வெச்சுக்கறோம்.”

“எழுதி வெச்சுக்க. ஆனா நீ தூங்கறப்ப வண்டி உன் நோட்டைப் பார்க்காது வசந்தா. அது படத்தைத்தான் பார்க்கும்.”

“அப்பப் படத்தை மாத்துங்க.”

“மாத்தினா அது தப்புன்னு ஆயிருமாம்.”

“அப்ப நாங்க தூங்காம ஓட்டிக்கறமுங்க அக்கா” என்றாள் வசந்தாமணி. எத்தனை நாளைக்கு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினான்காம் நாள் கலைச்சொல் குழு கூடியது. மறைந்த ஓட்டுநருக்கு மரியாதை செய்யும் தீர்மானம். செந்நாவரசர் கண் கலங்கியிருந்தார், நடிப்பில்லை, நிஜமாகவே.

“நிலவை முத்தமிட்ட அந்த வீரனின் பெயர் அங்கேயே நிலைக்க வேண்டும். நூற்று அறுபத்தேழாம் மேட்டுக்கு இனி ‘நல்லசிவம் மேடு’ என்று பெயர்!”

அவர் விழுந்த குழியை அவர் பேரிலேயே மேடாக்கினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோகிலவாணியும் நின்றாள். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் நின்றாள்.

“ஐயா, தெரியாத சொல் வந்தா வண்டி என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாது அம்மா.”

“நின்னுருமுங்க. நின்னு, பூமியக் கூப்பிட்டுக் கேக்கும்.” அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கே முழுசாகத் தோன்றியது. “ஐயா, பேர் வெச்சதுக்கு நன்றிங்க. ஆனா அந்த ‘மேடு’ வேண்டாமுங்களே. பழனின்னாப் போதும், யாரும் பழனி மேடுன்னு சொல்றதில்ல. வெறும் நல்லசிவம்னு இருந்தாத்தானுங்க மரியாதை.”

செந்நாவரசர் அதை மெல்ல உச்சரித்துப் பார்த்தார். “ஆகுபெயர்! சிறப்பு.”

“இன்னொண்ணுங்க. ஒரு எடத்துக்குப் போதாதுங்க. என்கிட்ட ஒரு பட்டியல் இருக்குது. இருநூத்திப் பதினாலு எடம். எல்லாத்துக்கும் அவர் பேரே வெச்சுருங்க.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஒரே பெயர் இத்தனை இடங்களுக்கா? குழப்பம் வராதா?” என்றார் ஒருவர்.

“ஒரே தலைவர் பேர்ல ஊருக்கு ஊரு தெரு இருக்குதுங்களே. தபால்காரர் குழம்பறாருங்களா?”

யாரும் மறுக்கவில்லை. பட்டியலில் இருப்பவை என்ன இடங்கள் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. இயக்குநர் மட்டும் பட்டியலை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் அவளை மணமகன் அறைக்குக் கூப்பிட்டார்.

“திருத்தம்னு எங்கயும் வார்த்தை வரக்கூடாது. இது மரியாதை மட்டும்தான்.”

“மரியாதைதானுங்க.”

“அப்ப அறிக்கையும் அப்படியே இருக்கும்.” அதை அவள் பக்கம் தள்ளினார். “‘விசாரணை முடிவை ஏற்கிறேன்’னு குடும்பத்தார் கையெழுத்து ஒண்ணு வேணும். இல்லேன்னா நாளைக்கு நீங்களே இந்தப் பட்டியலைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போவீங்க.”

ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற வரிக்குக் கீழே அவள் தன் பேரை எழுதினாள். முழுப் பேர், முன்னெழுத்தோடு.

கருமாதிக்கு வந்த நல்லசிவத்தின் தம்பி அதைக் கேள்விப்பட்டு, பந்தியில் உட்காராமல் எழுந்து போனார். “முப்பது வருசம் ரிக் ஓட்டினவரு. ஒரு கம்பி ஒடிச்சதில்ல. அவரைக் கவனமில்லாதவருன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே அண்ணி” என்றார் வாசலில் நின்று. அவளிடம் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் அது கோர்ட் வரை போகும், பட்டியல் போய்விடும். “ஆமாங்க கொழுந்தனாரே, எழுதிக் குடுத்தேன்” என்றாள். அதன் பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து இல்லை.

மறுநாள் ஒன்பது வண்டிகளும் கிளம்பின. அந்த வருஷம் அவை முந்நூற்று எட்டு முறை நடுவழியில் நின்று பூமியைக் கூப்பிட்டன. ஒன்றும் விழவில்லை.

அடுத்த ஆண்டு வந்த கலைச்சொல் அகராதியின் புதிய பதிப்பில், ‘மடு’ என்ற சொல்லுக்கு எதிரே ‘வழக்கில் இல்லை’ என்று போட்டிருந்தார்கள். சில பக்கம் தள்ளி இன்னொரு சொல் இருந்தது. ‘நல்லசிவம்: (பெ.) நிலவின் துருவப் பகுதியில் காணப்படும் ஆழமான இருட்குழி. வேர் ஆராயப்பட்டு வருகிறது.’ செந்நாவரசர் அதற்கு ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். இருளில் பனி இருப்பதால் ‘நல்ல’. அசையாமல் கிடப்பதால் ‘சிவம்’. சாரங்கபாணி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புது இயக்குநருக்கு யார் யாருடைய மனைவி என்பது தெரியாது.

ஒரு நாள் காலை, கூடத்தில் அவள் மட்டும் இருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் ஓட்டுநரின் குரல் வந்தது.

“நிலப்படம் ஆபீசுங்களா? வண்டி நாலு. முன்னால ஒரு நல்லசிவம் வந்து வண்டி நின்னுருச்சு. என்ன பண்றதுங்க?”

கோகிலவாணி படத்தை எடுத்தாள். “எடது கைப் பக்கம் ஒதுக்கி வாங்க. ரெண்டு கிலோமீட்டர் சுத்து.”

“காலையில இருந்து இது நாலாவதுங்க! போற பக்கமெல்லாம் குறுக்க வந்து நிக்குது சனியன். எவனுங்க இதுக்குப் போயி நல்லசிவம்னு பேரு வெச்சது? அந்த ஆளு மட்டும் என் கையில கெடைச்சான்னா...”

“திட்டிக்கோங்க தம்பி. ஆனா நின்னு போங்க.”

அவன் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டு, சுற்றிப் போனான்.